ஆர்.யு.ஆர். மறுமேடையேற்றம்: எதை வெட்டலாம், ரோபோவுக்கு என்ன உடுத்தலாம், தீயை எப்படிக் காட்டலாம்?

திரைச்சீலை எழுதியது:

வணக்கம். காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. ரோபோ செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ரோபோக்கள் மனிதர்களை எதிர்த்து எழும் கதை. நடிகர்கள் 12 பேர். மேடை 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். மேலிருந்து காட்சியை இறக்க வசதி இல்லை. இடைவேளை நீங்கலாக 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்க நினைப்பவை:

எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது? முன்னுரைக் காட்சி முழுக்கப் பேச்சாக இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு நேரே முதல் அங்கத்துக்குப் போனால் என்ன?

ரோபோக்களுக்கு வெள்ளி வண்ணமும் உலோக முகமூடியும் வேண்டும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை.

ரோபோ செய்யும் முறை அடங்கிய கையெழுத்துப் பிரதியைக் கதாநாயகி ஹெலனா எரிக்கும் காட்சிக்கு நிஜத் தீ கிடையாது. அரங்கத்தார் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் அங்கத்தில் வீட்டைச் சூழ்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான ரோபோக்கள். கையில் இருப்பது நாலைந்து பேர்.

---

அடித்தல்திருத்தல் எழுதியது:

பிரதியிலிருந்து தொடங்குவோம். மூலம் செக் மொழி, 1920இல் அச்சானது. 1921 ஜனவரி 25 அன்று பிராக் தேசிய அரங்கில் ஏறியது. அதற்கு முன்பே ஜனவரி 2 அன்று ஹ்ராடெட்ஸ் க்ராலொவே நகரத்து அமெச்சூர் குழு முந்திக்கொண்டது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் புழங்கியது பால் செல்வர் மொழிபெயர்த்து நைஜல் பிளேஃபேர் மேடைக்குச் செப்பனிட்ட வடிவம். அதில் டேமன் என்ற ரோபோ பாத்திரமே இல்லை, வசனங்களும் நிறையக் குறைந்திருக்கின்றன. இணையத்தில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். 1990இல் வந்த கிளாடியா நோவாக் மொழிபெயர்ப்பு மூலத்தை நெருக்கமாகப் பின்பற்றுகிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் எங்கெங்கே கை வைத்திருக்கிறார்கள் என்பது வரிவரியாகத் தெரியும்.

உரிமை விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சாப்பெக் இறந்தது 1938 டிசம்பர் 25. ஆசிரியர் இறந்து 60 அல்லது 70 ஆண்டுகள் என்று கணக்கிடும் நாடுகளில் மூலம் பொதுவுடைமை. ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. செல்வர் இறந்தது 1970இல். அவருடைய ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அவருடைய உரிமைக் காலத்தைத்தான் பார்க்க வேண்டும். செக் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து மூலத்திலிருந்து கொண்டுவருவது பாதுகாப்பு. மொழிக்கும் அதுவே நல்லது.

முன்னுரைக் காட்சியைத் தூக்காதீர்கள். நாடகத்தின் முதுகெலும்பு அங்கே இருக்கிறது, சத்தம் போடாமல் இருப்பதால் கண்ணில் படவில்லை. சுல்லா என்பவள் ரோபோதான் என்பதைத் தொழிற்சாலைக்கு வரும் ஹெலனா நம்ப மறுக்கிறாள். நிரூபிக்கத் தொழிற்சாலைத் தலைவன் டோமின் என்ன செய்கிறான்? சுல்லாவை அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்கிறான். ஹெலனா பதறுகிறாள், சுல்லாவோ அசையவில்லை. மூன்றாம் அங்கத்தில் டேமன் அதே கத்திக்குப் படுக்கிறான், அலறுகிறான், உயிரோடு எஞ்சிய ஒரே மனிதர் ஆல்க்விஸ்டால் மேற்கொண்டு அறுக்க முடியவில்லை. பிறகு பிரைமஸ் என்ற ரோபோ, ஹெலனாவின் சாயலில் செய்த ரோபோ ஹெலனா இருவரில் ஒருவரை அறுக்கப்போவதாக ஆல்க்விஸ்ட் சொல்லும்போது, 'என்னை எடுத்துக்கொள்' என்று இருவரும் மாறிமாறி மறிக்கிறார்கள். சுல்லா, டேமன், இந்த இருவர் என்று ஒரே கத்தி மூன்று முறை வருகிறது. முதல் படி இல்லாவிட்டால் கடைசிப் படி சாதாரணக் காதல் காட்சியாகிவிடும். டேமனை நீக்கிய பிரதியை எடுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

அப்படியானால் எங்கே வெட்டுவது? ரோபோவை உருவாக்கிய கிழ ரோசம், இளைய ரோசம் வரலாற்றை டோமின் ஒப்பிக்கும் பகுதியைப் பாதியாக்கலாம். கிழவர் கடவுள் தேவையில்லை என்று நிரூபிக்க மனிதனை நரம்பு நரம்பாக உருவாக்கப் பார்த்ததும், பொறியியல் படித்த இளையவர் வேலைக்கு உதவாததையெல்லாம் கழித்துக்கட்டியதும் இருந்தால் போதும். சுவரொட்டிகளை விடாதீர்கள். வெப்ப நாடுகளுக்கான புது ரோபோ, ஒன்று 150 டாலர் என்பது மாதிரியான விளம்பரங்கள் டோமினின் அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும் என்று ஆசிரியரே குறிப்பு எழுதியிருக்கிறார். நாலு பக்க வசனத்தின் வேலையை அவை செய்துவிடும்.

முதல் அங்கத்தில் ஆண்கள் ஹெலனாவுக்குப் பரிசளிப்பதைச் சுருக்கலாம். முத்துமாலை போனால் போகட்டும், ஆனால் 'அல்டிமஸ்' போர்க்கப்பல் கட்டாயம் வேண்டும். ஆண்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அந்தப் பரிசில்தான் கசிகிறது. ஹெலனாவின் தாதி நானாவின் ஜெபப் புத்தகத்தில் முன்னேற்றத்துக்கு எதிரான ஜெபம் உண்டா என்று ஆல்க்விஸ்ட் கேட்கும் இடத்தில் ஒரு சொல்லும் குறையக் கூடாது. இரண்டாம் அங்கத்தில் ஒவ்வொருவரும் 'குற்றம் யாருடையது' என்று பேசும் நீளத்தில் கால்வாசி போகலாம். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் ஆல்க்விஸ்டின் தனிமொழியை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். காரணம் உடை மாற்றும் நேரம். அதை ஒப்பனைப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள்.

முன்னுரை 32 நிமிடம், முதல் அங்கம் 30, இடைவேளை, பிறகு இரண்டும் மூன்றும் சேர்ந்து 55 என்று இலக்கு வையுங்கள். 1938இல் பிபிசி தொலைக்காட்சிக்கு இதை 35 நிமிடமாகவே சுருக்கினார்கள், ஆகவே கதை நிற்கும். ஆனால் கதை மட்டும்தான் நிற்கும்.

'டாக்டர் கால்' என்ற பெயரை 'கேல்' ஆக்கிவிடுங்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் அவையோர் சிரித்துத் தொலைப்பார்கள்.

---

அரிதாரம் எழுதியது:

வெள்ளி வண்ணம் வேண்டவே வேண்டாம். ரசனைக்காகச் சொல்லவில்லை, பிரதியே அதற்கு இடம் தரவில்லை. சாப்பெக்கின் குறிப்புப்படி முன்னுரையில் ரோபோக்கள் மனிதர்களைப் போலவே உடுத்தியிருக்கிறார்கள். அசைவும் உச்சரிப்பும் வெட்டுவெட்டாக, முகத்தில் பாவம் இல்லாமல், பார்வை நிலைகுத்தி. அடுத்த அங்கங்களில் முரட்டுத் துணிச்சட்டை, இடுப்பில் தோல் பெல்ட், மார்பில் பித்தளை எண். அவ்வளவே. இவை உலோக இயந்திரங்களும் அல்ல, தொட்டியில் கலக்கிய உயிர்ப்பசையில் பிசைந்தவை. நரம்பை நூற்பு ஆலையில் நூற்கிறார்கள்.

சுல்லாவை மனுஷி என்று நினைக்கும் ஹெலனா, அடுத்த ஐந்து நிமிடத்தில் உள்ளே வரும் அதிகாரிகளை ரோபோக்கள் என்று நினைத்து அவர்களிடம் புரட்சி பேசுகிறாள். முன்னுரையின் மொத்த நகைச்சுவையும் இதுதான். சுல்லா வெள்ளிப் பூச்சோடு நின்றால் ஹெலனா முட்டாளாகத் தெரிவாள், சிரிப்பும் வராது.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. முகமூடிக்குள் மெய்யெழுத்துகள் செத்துப்போகும். ற, ர, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். அட்டையும் ஃபோமும் ஒவ்வொரு அசைவுக்கும் கிரீச்சிடும். ரோபோவின் பலமே அசையாமல் நிற்பது, அந்த நேரத்தில் உடை பேசிக்கொண்டிருக்கும். பளபளப்பு ஸ்பாட் ஒளியைத் திருப்பிப் பேசுபவர் கண்ணில் அடிக்கும்.

சரி, எப்படிச் செய்வது. எல்லா ரோபோவுக்கும் ஒரே நிற ஒப்பனை அடித்தளம் ஒரே சீராக. வெளிறவைக்காதீர்கள், நோயாளி மாதிரி ஆகிவிடும். புருவம், உதடு ஆகியவற்றின் தனித்தன்மையைக் குறைத்து, மேலே பளபளப்பில்லாத பவுடர். பித்தளைத் தகடு 8 செ.மீ. அகலம், எண் குறைந்தது 5 செ.மீ. உயரம், சின்னதாகச் செய்தால் நடு வரிசைக்கு மேல் வெறும் பொட்டாகத் தெரியும். தகட்டின் மேல் மேட் ஸ்ப்ரே ஒரு பூச்சு அடியுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கண்ணாடியாகிவிடும்.

அசைவில் பெரும்பாலோர் தவறுவது திடுக் திடுக்கென்று வெட்டி ஆடுவதில். அது தெருமுனை வேடிக்கை. ஒரு நேரத்தில் ஒரு உறுப்பு என்று விதி வையுங்கள்: முதலில் கண், பிறகு தலை, பிறகு உடல், பிறகு பாதம். வேகம் சாதாரண மனித வேகம்தான். கை நுனியில் தேவையில்லாத சின்ன அசைவு ஒன்றும் இருக்கக் கூடாது. சட்டையை இழுத்துவிடுவது, எடையைக் கால் மாற்றுவது எல்லாம் தடை. கண் இமைக்காமல் வெறித்தால் அரை நிமிடத்தில் நீர் வழியும். அதனால் எதிராளியின் முகத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் பார்வையை வைத்து, தலை திரும்பும்போது மட்டும் இமைக்கச் சொல்லுங்கள். அவைக்குத் தெரியாது.

கிளர்ச்சி செய்யும் ரோபோ ரேடியஸ் மட்டும் இந்த விதியை உடைப்பவன். முதல் அங்கத்தில் டாக்டர் கேல் அவனைச் சோதிக்கும்போது கண்பாவை சுருங்குவது, உடல் கூசுவது எல்லாம் மற்ற ரோபோக்களைவிட அதிகம். இதை வசனத்தில் மட்டும் விடாதீர்கள். டாக்டர் கையில் பேனா டார்ச் கொடுத்து, ஒளி படும் முன்பே ரேடியஸின் தோள் அரை அங்குலம் பின்வாங்கட்டும். அச்சம் என்று ஒருவரும் சொல்லாமலே அவைக்குப் புரியும். மூன்றாம் அங்கத்தில் பிரைமஸும் ரோபோ ஹெலனாவும் கண்ணும் கையும் ஒரே நேரத்தில் அசைக்கத் தொடங்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் விதியைக் காத்திருந்தால்தான் இது எடுபடும்.

12 பேருக்கான பங்கீடு: டோமின், ஃபாப்ரி, கேல், ஹாலமையர், புஸ்மன், ஆல்க்விஸ்ட், ஹெலனா, நானா என்று மனிதர் எட்டு. மீதி நால்வர்: மாரியஸும் பிரைமஸும் ஒருவர், சுல்லாவும் பிற்பாதிக் கூட்டமும் ஒருவர், ரேடியஸ் ஒருவர், டேமனும் முற்பாதி வேலைக்கார ரோபோவும் ஒருவர். இரண்டாம் அங்க முடிவில் ஆல்க்விஸ்ட் தவிர மனிதர் எல்லாரும் செத்துவிடுவதால், அதே முகங்கள் மூன்றாம் அங்கத்தில் ரோபோத் தூதுக்குழுவாக வந்து நிற்கட்டும். உடை மாற்றத்துக்கு ஆல்க்விஸ்டின் தனிமொழி மூன்று நிமிடம் தரும். கோட்டுக்கு உள்ளேயே ரோபோச் சட்டை போட்டுக்கொள்ளும் குறுக்குவழி வேண்டாம்; கழுத்துப்பட்டை வெளியே எட்டிப்பார்க்கும், வியர்வையில் ஒப்பனையும் கரையும். சட்டையின் முன்பக்கம் பொத்தான் பொய்யாக, உள்ளே வெல்க்ரோ. ஒன்று கவனம்: வெல்க்ரோ பிரியும் சத்தம் விங்கிலிருந்து (மேடைப் பக்கவாட்டு மறைவு) நன்றாகக் கேட்கும். மாற்றும் இடம் மேடையிலிருந்து ஒரு கதவு தள்ளி இருக்க வேண்டும்.

---

டிம்மர்ராக் எழுதியது:

தீக்காட்சி. முதலில் ஃப்ளாஷ் பேப்பர் யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்காதீங்க. அது நைட்ரோசெல்லுலோஸ், பத்த வெச்சா ஒரு நொடிக்குள்ள மறைஞ்சிடும். மந்திரவாதிக்குச் சரி. இங்க தேவை மெதுவா எரியும் கத்தைக் காகிதம். அதோட அரங்கத்தார் 'நிஜத் தீ கூடாது'ன்னு சொன்னதுல இதுவும் அடக்கம்.

கணப்பு அடுப்பு ஒண்ணு பிளைவுட்ல, 90 செ.மீ. அகலம். வாய் அவையைப் பார்க்க வேண்டாம். முக்கால் பங்கு உள்பக்கம் திருப்பி, ஹெலனா முகத்தைப் பார்த்து வைங்க. தீயைக் காட்டறதில்ல, தீ படுற முகத்தைக் காட்டறோம். உள்ள மூணு விளக்கு: அம்பர், ஆரஞ்சு, சிவப்பு, மூணும் தனித்தனி சேனல், அதாவது தனித்தனியா ஏத்தி இறக்கணும். சிவப்பு 20 சதவீதத்துல நிலையா இருக்கட்டும். மத்த ரெண்டும் 25க்கும் 70க்கும் நடுவுல ஒழுங்கில்லாம ஆடணும், ஒவ்வொரு தாவலும் 0.1 முதல் 0.6 நொடி. மூணையும் ஒரே சேனல்ல கட்டினா கெட்டுப்போன டியூப்லைட் மாதிரித்தான் தெரியும். அவ ஒரு கத்தையைப் போடும்போது அம்பர் 90க்கு ஏறி நாலு நொடியில இறங்கணும். விளக்கை ஏத்துற இந்தக் க்யூவுக்கு (சமிக்ஞை) ஆபரேட்டர் வசனத்தைப் பார்க்கக் கூடாது, அவ கையைப் பார்க்கணும்.

அடுப்புக்குள்ள தடிமனான கம்பளித் துணி போடுங்க, காகிதம் 'தொப்'புன்னு விழுற சத்தம் கேட்டா எல்லாம் போச்சு. சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு அடுப்புக்குள்ளயே. காகிதம் கருகுற ஒலி அங்கிருந்து வரணும், பிரதான ஸ்பீக்கர்ல வந்தா அரங்கமே எரியுற மாதிரி இருக்கும். 'வெயில் காலத்துல தீ மூட்டுறதா?'ன்னு நானா முனகுற வசனத்தை வெட்டிடாதீங்க, அடுப்பு பக்கம் அவையைத் திருப்புறது அதுதான்.

பலரும் கோட்டை விடுறது அடுத்த அங்கத்துல. பிரதி எரிஞ்சது தெரிஞ்சதும் அடுப்புல கருகின துண்டைத் தேடி எடுக்கிறாங்க. அதுக்கு ஓரம் கருகின துண்டுகளை முன்னாடியே வெளியில எரிச்சுத் தயார் பண்ணி, ஹேர்ஸ்ப்ரே அடிச்சு இறுக்கி, இடைவேளையில அடுப்புக்குள்ள வைக்கணும். எரியாத முழுக் காகிதங்களை எடுத்துடணும். இதை மேடை மேலாளர் பட்டியல்ல தனி வரியா எழுதுங்க.

இரண்டாம் அங்கத்துல கதாநாயகன் ஒரு பல்பு. விளக்கு எரியுற வரைக்கும் மின்நிலையம் நம்ம கையில. அது அணைஞ்சா முடிஞ்சுது. ஹாலமையர் அந்த விளக்கைப் பார்த்தே பேசுறார். இதுக்கு எல்.இ.டி. போடாதீங்க. டிம்மர்ல இறக்கினா கடைசி அஞ்சு பத்து சதவீதத்துல மினுங்கி 'டப்'புன்னு போயிடும். 60 வாட் இழை பல்பு, தனி சேனல். இறங்கும்போது மஞ்சள், சிவப்பு, கம்பி மட்டும் கனல், அப்புறம் இருட்டு. நாலு நொடி போதும். மத்த விளக்குகள் அதுக்கு ஒரு நொடி முன்னாடியே போயிடணும், இல்லாட்டா அந்தக் கனல் யார் கண்ணுலயும் படாது.

வீட்டைச் சுத்தின மின்வேலியோட ரீங்காரத்துக்கு 50 ஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்தா சின்ன ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேட்காது. 100, 150, 200 கலந்து கொடுங்க. ஃபாப்ரி மின்சாரம் பாய்ச்சுறப்ப தொடங்கி, பேச்சுக்குக் கீழ அடங்கி ஓடட்டும். ரெண்டு நிமிஷத்துல அவை அதை மறந்துடும். புஸ்மன் பணத்தோட பேரம் பேசப் போய் வேலியில தொட்டுச் சாகும்போது ஒரே ஒரு துடிப்பு ஏறி இறங்கணும். பல்பு செத்து அரை நொடி கழிச்சு ரீங்காரம் நிக்கணும். அந்த அமைதிக்குத்தான் இவ்வளவும்.

கூட்டம்: ஜன்னலுக்குப் பின்னால வெள்ளைத் துணி, துணிக்கு ரெண்டு மீட்டர் பின்னால தரைமட்டத்துல ஒரு விளக்கு. நடுவுல மூணு பேர். விளக்குக்குப் பக்கத்துல நிக்கிறவர் நிழல் பெருசு, துணிக்குப் பக்கத்துல நிக்கிறவர் நிழல் சின்னது, அதனால மூணு பேரே ஆழமான கூட்டமாத் தெரிவாங்க. விளக்கு ஒரே புள்ளியிலிருந்து வரணும். பல எல்.இ.டி. பதிச்ச பார் லைட் போட்டா ஒவ்வொரு தலைக்கும் எட்டு மங்கல் நிழல் விழும். கூச்சல் ஒலிப்பதிவு வேண்டாம். வெளிய நிக்கிறவங்க பேசாம நிக்கிறதுதான் உள்ள இருக்கிறவங்களை உலுக்குது.

---

திரைச்சீலை எழுதியது:

மிக்க நன்றி. வெள்ளி வண்ணப் பேச்சு முடிந்தது. இரண்டு சந்தேகம்: ஹெலனாவாக நடிப்பவரே ரோபோ ஹெலனாவாகவும் வரலாமா? ஒரு நேரடிக் கேமராத் திரை வைக்கலாம் என்ற யோசனையும் இருக்கிறது, நாடகத்துக்கு ஒட்டுமா?

---

அடித்தல்திருத்தல் எழுதியது:

வரலாம், வர வேண்டும். அந்த ரோபோவைக் கேல் அவளுடைய சாயலில்தான் செய்கிறார். சுல்லாவோடு மனித ஹெலனாவுக்குக் காட்சி இருப்பதால் சுல்லா வேடத்தை அவருக்குத் தர முடியாது, இதைத் தரலாம். குரலை மாற்றச் சொல்லாதீர்கள். ஆல்க்விஸ்ட் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் வாயடைக்க இடம் விடுங்கள்.

திரை புதுமை ஒன்றுமில்லை. 1923 பெர்லின் தயாரிப்பில் ஃபிரெடெரிக் கீஸ்லர் நகரும் கருவிகளும் ஃபிலிம் காட்சியும் வைத்து மேடையையே இயந்திரமாக்கினார். டோமினைப் பார்க்க வருபவர்களைக் கண்ணாடி அமைப்பு ஒன்றின் வழியே சிறிய உருவமாகக் காட்டினார். நீங்களும் அந்த ஒரு இடத்தில் மட்டும் வைக்கலாம்: ஹெலனா வரும் வழி டோமின் மேசைக்கு மேல் சின்னத் திரையில் தெரிவது. அதற்குமேல் கேமரா போனால், பாவமில்லாத முகங்களைப் பெரிதாக்கி, அரிதாரம் சொன்ன அசைவு விதியின் ஓட்டைகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

---

அரிதாரம் எழுதியது:

ஹெலனா விஷயத்தில் மாறுபடுகிறேன். முன்னுரைக்குப் பத்தாண்டு கழித்து நடக்கும் முதல் அங்கத்தில் மூப்பு காட்டப் போடும் ஒப்பனையைத் துடைத்து, ரோபோ அடித்தளம் போட எட்டு நிமிடமாவது வேண்டும். செத்த பிறகு அவர் வெளியே போக வழியிருக்கிறதா? இரண்டு அங்கங்களையும் இடைவெளியின்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஹெலனா மேடைக்கு வெளியே சாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூப்பு ஒப்பனையே போடாமல் தலைவாரலையும் உடையையும் மட்டும் மாற்றுங்கள். பத்தாண்டில் முகம் மாறவில்லை என்று ஒருவரும் எழுந்து கேட்கப்போவதில்லை.

---

டிம்மர்ராக் எழுதியது:

விட்டுப்போன ஒண்ணு: முதல் அங்க முடிவுல சைரன். நண்பகல் சங்குன்னு நினைக்கிறாங்க, டோமின் கடிகாரத்தைப் பார்த்து இல்லைங்கிறார், தாக்குதல் அறிகுறி. அதே ஒலியை முன்னுரையிலயே ஒரு தடவை சாதாரணமா, யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி அடிச்சு வைங்க. முதல் தடவை 6 நொடி. இரண்டாவது தடவை நிக்காம ஓடி, இடைவேளை விளக்கு ஏறி பத்து நொடி கழிச்சு அறுபடட்டும்.